எலும்பில் மிச்சம்

ஆர்.எஸ்.புரம் கவுலி பிரவுன் சாலையில், வனக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிற காஸ் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து நிறுத்திய காட்டெருமை ஒன்று உண்டு. அதன் முன்னால் நின்ற ஒரு சிறுவன், "இது நெசமாலுமே மாடுங்களா தாத்தா?" என்று கேட்டான். பெரியவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தோலு மட்டும் நெசம் சாமி, உள்ள வேற" என்றார். பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்த பேச்சு. விழுந்து பல காலம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பதில் என்னை விடவில்லை. 1902-இல் வனப் பாதுகாவலராக இருந்த காஸ் என்பவரின் முயற்சியால் தொடங்கிய இடம் அது. அங்கே பார்ப்பதெல்லாம் ஏதோ ஒரு விதத்தில் அழியாமல் தடுத்து வைக்கப்பட்டவை. அந்தத் தோலும் சும்மா நிற்கவில்லை. பச்சைத் தோலில் தண்ணீர் போக மிச்சத்தில் பெரும்பங்கு கொலாஜன் என்கிற புரதம். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கிடக்கும். இழைக்கும் இழைக்கும் நடுவே குறுக்குப் பிணைப்புகள் விழுந்துவிட்டால், அழுக வைக்கிற நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு உள்ளே நுழைய வழி இருக்காது. ஆவாரம்பட்டையும் வேலம்பட்டையும் போட்டு ஊறவைத்துத் தோல் பதனிடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை இதுதான். ஆக, பெரியவர் நிஜம் என்று சொன்ன தோலும் உயிரோடு இருந்த மாட்டின் தோல் அப்படியே அல்ல. மாறியதால் மிஞ்சிய தோல்.

புதைபடிவம் இதற்கு நேர் எதிர் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். உடம்பு அழுகிப்போகும், எலும்பு மண்ணுக்குள் கிடக்கும், நிலத்தடி நீரில் கரைந்து வரும் கனிமம் மெல்ல மெல்ல எலும்பின் இடத்தைப் பிடிக்கும், கடைசியில் எலும்பின் உருவத்தில் ஒரு கல் இருக்கும். வடிவம் நிஜம், பொருள் வேறு. இந்தப் பாடம் முழுப் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை என்று தெரிய வந்ததிலிருந்துதான் எனக்கு நிம்மதிக் குறைவு. எலும்பு முழுக்கக் கல்லாகிவிட்டது என்று நம்புகிறவர் அதைக் கல்லைக் கையாளுகிற மாதிரிதான் கையாளுவார். கழுவுவார், வெயிலில் காயவைப்பார், விரிசல் விட்ட இடத்தில் பசை தடவுவார், வார்னிஷ் பூசுவார். உள்ளே கேட்பதற்கு ஏதோ இருந்திருந்தால் அது அந்த இடத்திலேயே முடிந்துபோகும்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் ஹெல் கிரீக் பாறைகளில் ஒரு டைரனோசாரஸின் தொடை எலும்பு கிடைத்தது. வயது சுமார் 6.8 கோடி ஆண்டு. மாவுக்கட்டுப் போட்டு ஹெலிகாப்டரில் தூக்கப் பார்த்தபோது பாரம் தாங்கவில்லை. கட்டோடு எலும்பையும் இரண்டாக உடைக்க வேண்டியதாயிற்று. எலும்பு ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. ஆனால் உடைந்த அந்தச் சில்லுகள் பசை படாமல், பூச்சுப் படாமல் மேரி ஷ்வைட்சர் என்கிற தொல்லுயிரியலாளரின் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கனிமத்தைக் கரைக்கிற திரவத்தில் அவற்றை ஊறவைத்தார்கள். கல்லாக இருந்தால் எல்லாம் கரைந்து வெறும் கலங்கல்தான் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியவை மெல்லிய பழுப்புக் குழாய்கள். கிளை பிரிகிறவை, ஒளி ஊடுருவுகிறவை. இடுக்கியால் பிடித்து இழுத்தால் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். உள்ளே சிவப்பாக, உருண்டையாகச் சில துகள்கள். 2005-இல் இது சயன்ஸ் இதழில் வந்தது. 2007-இல் அதே எலும்பில் கொலாஜனின் துண்டுகளையும் கண்டதாக எழுதினார்கள்.

சண்டை அப்போதிலிருந்து இன்னும் ஓயவில்லை. ரத்தக்குழாய் என்கிறீர்களே, எலும்பின் துளைகளுக்குள் பிற்காலத்தில் குடியேறிய பாக்டீரியாக்களின் பாசிப்படலம் அது என்று 2008-இல் ஒரு குழு எழுதியது. 2019-இல் இன்னொரு குழு, கொம்பு வைத்த ஒரு டைனோசாரின் எலும்பைத் தோண்டும்போதே மிகக் கவனமாக எடுத்துச் சோதித்து, உள்ளே பழைய புரதத்தைக் காணோம், இன்றைக்கு உயிரோடு இருக்கிற நுண்ணுயிர்க் கூட்டம்தான் இருக்கிறது என்றது. எனக்கு இந்த மறுப்புகள் பிடித்திருக்கின்றன. ஆறேழு கோடி வருடம் ஒரு புரதம் தாங்கும் என்பதைச் சுலபமாக நம்பக் கூடாது. நம்ப ஆசையாக இருக்கும்போது இன்னும் கூடாது. ஆனால் அந்த மறுப்பாளர்கள்கூட எலும்பை வெறுங்கல் என்று விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்கள் சொல்வது அதற்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது என்று. ஷ்வைட்சரும் சும்மா இருக்கவில்லை. செத்த விலங்கின் ரத்தத்திலிருந்து வெளியேறுகிற இரும்புதான் திசுவைக் காத்திருக்குமோ என்று யோசித்து, நெருப்புக்கோழியின் ரத்தக்குழாய்களை எடுத்து, சிவப்பணுக்களை உடைத்து எடுத்த சாற்றில் ஊறவைத்தார். வெறும் தண்ணீரில் போட்டவை சில நாளில் அழுகின. சாற்றில் போட்டவை இரண்டு வருடம் அறை வெப்பத்திலேயே கெடாமல் இருந்தன. 2013-இல் வந்த சோதனை இது. இரும்பு தூண்டிவிடுகிற வினைகள் புரத இழைகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகளைப் போடுகின்றன என்பது அவர் தரும் விளக்கம். தோலில் மரப்பட்டை செய்கிற வேலையை, எலும்புக்குள் அந்த விலங்கின் ரத்தமே செய்கிறது.

2018-இல் யாஸ்மினா வீமன் குழுவினர் சொன்னதுதான் என் மனசில் அதிகம் தங்கியது. பழைய எலும்பு, பல், முட்டை ஓடு ஆகியவற்றின் கனிமத்தைக் கரைத்தால் பெரும்பாலும் அடர்பழுப்பாக ஏதோ மிஞ்சுகிறது. அது புரதம் என்று சொல்ல முடியாது. புரதமே இல்லை என்றும் சொல்ல முடியாது. உடம்பிலிருந்த கொழுப்பும் சர்க்கரையும் ஆக்சிஜன் பட்டுச் சிதைந்து, அந்தச் சிதைவுகள் புரதத்தோடு பிணைந்து, நீரில் கரையாத, நுண்ணுயிர் தின்ன முடியாத ஒரு பெரிய வலையாகிவிடுகின்றன. லூயி கமீல் மயார் என்கிற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விவரித்த வினையின் உறவுக்காரன் இது. காலையில் டி.பி. ரோட்டில் காப்பிக்கொட்டை வறுக்கிற கடையைக் கடக்கும்போது வருகிற வாசனையை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கொட்டைக்கு அந்த வாசனை கிடையாது, அந்த நிறமும் கிடையாது. அதிலிருந்த சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து புதிதாக உண்டாக்கிக்கொண்டவை அவை. சட்டியில் சில நிமிடத்தில் நடப்பது மண்ணுக்குள் வேறு கணக்கில், மிக மெதுவாக நடக்கிறது. அப்படியானால் மிஞ்சியது எது? வறுத்த கொட்டையைப் பார்த்து இது பழைய கொட்டைதான் என்று சொல்லத் தோன்றுகிறது. எந்தச் செடியின் கொட்டை, எந்த மலையில் விளைந்தது என்று வாசனையிலேயே சொல்லிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதை விதைத்தால் முளைக்காது. பழுப்பாகிப்போன அந்த மிச்சத்துக்கும் இதே நிலைமை. பழைய புரதத்தின் எழுத்து வரிசையை அதில் படிக்க முடியாது. ஆனால் எந்தத் திசு, எந்த வகை விலங்கு என்பதற்கான தடயம் அதில் இருக்கலாம் என்கிறார்கள். அந்த 'இருக்கலாம்' எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கருவியில் விழுகிற கோடுகளை வாசிப்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே பெரிய சர்ச்சை. ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். மாறாமல் இருந்ததால் எதுவும் மிஞ்சவில்லை. மாறத் தெரிந்தவையே மிஞ்சின.

சில பொருள்கள் அவ்வளவாக மாறவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் படிவங்கள் சேகரித்துவந்த எலிசபெத் ஃபில்பாட் 1833-இல் தோழிக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கடல் ஊர்வனத்தின் மண்டையோட்டை வரைந்து அனுப்பினார். மை கடையில் வாங்கியதல்ல. அந்த ஊர்வனம் வாழ்ந்த அதே காலத்துக் கணவாய் இனம் ஒன்றின் மைப்பை, படிவமாகப் பாறையில் கிடைத்திருந்தது. அதைப் பொடித்துக் குழைத்து வரைந்திருந்தார். ஏறக்குறைய இருபது கோடி வருடத்துக்கு முந்திய மை, தூரிகையில் ஓடியது. அதன் பெயர் மெலனின். நம் முடியிலும் தோலிலும் இருக்கிறதே, அதே வகைதான். 2010-இல் சீனத்து இறகு டைனோசார்களின் நிறத்தை இந்த மெலனின் பொட்டலங்களின் வடிவத்தை வைத்துத்தான் கணித்தார்கள். ஒன்றுக்கு வாலில் செம்பழுப்புப் பட்டைகள் இருந்தனவாம்.

டிக்கின்சோனியாவின் கதையில் வடிவமும் பொருளும் மோதிக்கொண்டன. நீள்வட்டத் தட்டு மாதிரி, நடுவில் கோடும் இருபுறமும் வரிகளுமாகப் பாறையில் பதிந்த உரு அது. விலங்கா, காளானா, பாசியா என்று பல பத்தாண்டுகள் வாதாடினார்கள். ரஷ்யாவின் வெண்கடல் ஓரத்தில் கிடைத்த 55.8 கோடி வருடத்துப் படிவத்தின் மேல் படிந்திருந்த கரிம ஏட்டைச் சுரண்டிப் பார்த்ததில், கொலஸ்ட்ரால் சிதைந்து உண்டான மூலக்கூறு கிடைத்தது. விலங்குதான் என்று 2018-இல் அறிவித்தார்கள். சில வருடம் கழித்து, 2021-இல், மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா குகைக் கூரையிலும் டிக்கின்சோனியா இருக்கிறது என்று ஒரு கட்டுரை வெளியாகி நம் செய்தித்தாள்கள் கொண்டாடின. வேறு குழு போய்ப் பார்த்தபோது அது பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. மலைத்தேனீ கட்டி விட்டுப்போன கூட்டின் மிச்சம். முதலில் எழுதியவரும் 2023-இல் அதை ஒப்புக்கொண்டார். கண்ணால் பார்த்த வடிவம் அறிந்தவர்களையே ஏமாற்றியிருக்கிறது. பெரம்பலூர் குன்னத்தில் 2020-இல் டைனோசார் முட்டை என்று பரபரப்பானவையும் கடைசியில் அம்மோனைட் சிப்பிகளைச் சுற்றி உருண்டு திரண்ட படிவுகள் என்றுதான் முடிந்தது. ஊரார் கூடி அவற்றைத் தொட்டுப் பார்த்தது தப்பில்லை. உருண்டையாக இருந்தால் முட்டை என்று தோன்றத்தான் செய்யும்.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: நம்ம ஊரு வெயிலுக்கு எதுவும் நிக்காதுங்க. அதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நியூசிலாந்தின் மோவா பறவை எலும்புகளை வைத்து 2012-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். சராசரி வெப்பம் 13 டிகிரி இருக்கிற இடத்தில் எலும்புக்குள் இருக்கிற, குறிப்பிட்ட ஒரு நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகளில் பாதி 521 வருடத்தில் அறுந்துவிடும். வெப்பம் கூடக் கூட இந்த அறுபடுதல் வேகம் எடுக்கும். நம் சமவெளியின் சராசரியோ அதைப்போல இரண்டு மடங்கு. ஹரியானாவில் சிந்துவெளி ஊரான ராகிகர்ஹியில் அறுபதுக்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளை எடுத்துப் போராடியதில், ஒரே ஒரு பெண்ணின் எலும்பில்தான் படிக்கிற அளவுக்கு டிஎன்ஏ இருந்தது. 2019-இல் வந்த முடிவு. வெயில் கொள்ளையடிக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் கொள்ளைக்காரன் வந்துபோன வீட்டில் எதுவும் மிச்சமில்லை என்று பார்க்காமலே முடிவு கட்டுவது வேறு விஷயம். அதே ஹரியானா, உத்தரப் பிரதேசப் பகுதியின் சிந்துவெளிப் பானை ஓடுகளில் நாலாயிரம் வருடத்துக்கு மேலாக ஊறிக்கிடந்த இறைச்சிக் கொழுப்பை 2020-இல் பிரித்தெடுத்தார்கள். தான்சானியாவின் லயட்டோலியில் 38 லட்சம் வருடத்து நெருப்புக்கோழி முட்டை ஓட்டில் புரதத் துண்டு கிடைத்தது. தென்சீனக் குகையொன்றில் 19 லட்சம் வருடத்துப் பெருங்குரங்கின் கடைவாய்ப் பல்லில் கிடைத்தது. 2025-இல் கென்யாவின் துர்கானா வடிநிலத்திலிருந்து வந்த சேதிதான் என்னை உலுக்கியது. பூமியிலேயே சூடான இடங்களில் ஒன்று அது. அங்கே 1.8 கோடி வருடம் வரை பழமையான யானை, காண்டாமிருக இனங்களின் பற்களில் எனாமல் புரதத்தின் துண்டுகள் இருக்கின்றன. உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல். எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கனிமம். அந்தக் கனிமம் வளரும்போது நடுவில் அகப்பட்டுக்கொண்ட புரதத்துக்கு வெளியேற வழியில்லை, தண்ணீருக்கும் நுண்ணுயிருக்கும் உள்ளே வர வழியில்லை. வெயிலைச் சாக்குச் சொல்லி இனிமேல் யாரும் தப்பிக்க முடியாது.

அரியலூரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. கல்லமேடு என்கிற இடத்தில், கிரெட்டேசியக் காலத்தின் கடைசிக் கட்டப் பாறைகளில், மாபெரும் எலும்புகள் கிடைத்தன. யாதகிரி, அய்யாசாமி என்கிற ஆய்வாளர்கள் 1980-களின் பிற்பகுதியில் அவற்றை விவரித்து பிருஹத்காயோசாரஸ் மேட்லேயி என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். நெட்டையான ஆளைவிட உயரம். அந்த அளவு சரி என்றால் பூமியில் நடந்த மிகப்பெரிய விலங்குகளின் வரிசையில் அது முன்னால் நிற்கும். 2023-இல் சிலர் நூறு டன்னுக்கும் மேல் எடை போட்டார்கள். ஆனால் அந்த எலும்புகள் இன்றைக்கு எங்கும் இல்லை. மாவுக்கட்டுக்குள் இருக்கும்போதே பொடியத் தொடங்கிவிட்டன, புவியியல் ஆய்வுத் துறையின் கிடங்குக்குப் போய்ச் சேரவில்லை என்பது 2017-இல் அச்சில் வந்தது. அவை எலும்பே இல்லை, கல்லாகிப்போன மரம் என்றுகூட முன்பு சந்தேகம் எழுந்திருந்தது. பக்கத்திலேயே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்மரம் கிடக்கிற நாட்டில் அது நியாயமான சந்தேகம்தான். 2022-இல் பழைய நிழற்படங்களை வெளியிட்டு எலும்புதான் என்று வாதிட்டார்கள். மரமா எலும்பா என்று நிழற்படத்தை வைத்துக்கொண்டு வாதாட வேண்டிய நிலைமை! விரல் நகத்தளவு சில்லு ஒன்றை யாராவது அப்போது ஒரு குப்பியில் போட்டு மூடி வைத்திருந்தால், நுண்ணோக்கியின் கீழேயே அந்தச் சண்டை முடிந்திருக்கும். வேதியியலுக்கும் ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்தக் காலத்து ஆய்வாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எலும்புக்குள் மூலக்கூறு மிஞ்சும் என்று அன்றைக்கு எத்தனை பேர் நினைத்தார்கள்? ஆனால் வீமன் குழுவினரின் ஆய்வில் இந்தப் பழுப்பு மிச்சம் கிடைத்தது மணற்பாறையிலும் ஆழமில்லாக் கடலின் சுண்ணாம்புப் பாறையிலும் புதைந்தவற்றில்தான் என்பதைப் படித்தபோது, அரியலூர்தானே இது என்று தோன்றியது. அந்தச் சுண்ணாம்பை நாம் சிமென்ட்டுக்காக வெடிவைத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கொங்குக்குள் டைனோசார் கிடையாது. இங்கே இருப்பது பெரும்பாலும் பெரிய உயிர்கள் உண்டாகாத காலத்துப் பாறை. ஆனால் எலும்பு இருக்கிறது. நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்குப் பக்கத்தில் கொடுமணல். பதிற்றுப்பத்து பேர் சொல்கிற ஊர். 1985-இலிருந்து பல முறை அகழ்ந்து மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள் எடுத்திருக்கிறார்கள். மணியைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. ஈமக்குழிகளிலும் குடியிருப்பு மண்ணிலும் வருகிற எலும்புகளும் பற்களும் அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. புளிப்பு மண்ணில் எலும்பின் கனிமம் கரைந்துபோகும். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் பல இடங்களில் சுக்கான் கலந்திருக்கிறது, சுண்ணாம்புச் சத்துள்ள மண் எலும்புக்கு அவ்வளவு பகை இல்லை. கம்பும் சோளமும் ராகியும் காற்றிலிருந்து கரியை எடுத்துக்கொள்கிற விதம் ஒன்று, நெல் எடுத்துக்கொள்கிற விதம் இன்னொன்று. அந்த வித்தியாசம் கரியின் ஐசோடோப் விகிதத்தில் பதிந்து, தின்றவரின் எலும்புக் கொலாஜனிலும் பல் எனாமலிலும் போய்ச் சேர்கிறது. கம்மஞ்சோறு தின்று வளர்ந்தவரையும் நெல்லுச்சோறு தின்று வளர்ந்தவரையும் பல்லை வைத்துப் பிரித்துவிடலாம். கொறங்காட்டில் மேய்கிற காங்கேயம் மாடு தின்கிற கொழுக்கட்டைப் புல்லும் கம்பின் வகையறாதான். வேலமர இலையும் காயும் நெல்லின் பக்கம். கொடுமணலில் மணி கோத்தவர்களின் மாடுகள் எதைத் தின்றன, அவர்கள் ஊரில் நெல் யார் தட்டில் விழுந்தது, பல்லின் எனாமலில் மிஞ்சிய புரதத்தை வைத்துப் பார்த்தால் புதைக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்பதெல்லாம் கேட்கக் கூடிய கேள்விகள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடம் என்பது துர்கானாப் பல்லின் வயதுக்கு முன் ஒன்றுமே இல்லை.

அதனால் என் வேண்டுகோள் சிறியது. தோண்டுகிறவர்கள் ஒவ்வொரு குழியிலும் ஒரு பல்லையாவது, ஒரு எலும்புத் துண்டையாவது, ஒரு பானை ஓட்டையாவது கழுவாமல் விடுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், நம் தோலின் கொழுப்பும் புரதமும் அதில் ஒட்டிக்கொண்டு பிறகு வருகிறவரைக் குழப்பும். பசை வேண்டாம், வார்னிஷ் வேண்டாம், வெயிலில் பரப்ப வேண்டாம். அலுமினியத் தாளில் சுற்றி, பக்கத்து மண் ஒரு பிடியும் தனியாக எடுத்து வைத்து, தகரக் கூரை இல்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நமக்கு அதைச் சோதிக்க வசதி இல்லையென்றாலும் வையுங்கள். கிணறு வெட்டும்போதும் வீட்டுக்கு வானம் தோண்டும்போதும் எலும்போ தாழியோ வந்தால் அதைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்புவதற்கு முன்னால் மண்ணோடு அப்படியே மூடிவிட்டு வி.ஏ.ஓ.வுக்கோ தொல்லியல் துறைக்கோ சொல்லுங்கள்.